ராத்திரி உங்கள் வீட்டில் போன் எங்கே படுக்கிறது?

கேள்வி: மதுரை புதூரில் குடியிருக்கிறோம். என் கணவர் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கடை வைத்திருக்கிறார். மகன் பத்தாம் வகுப்பு, மகள் எட்டாம் வகுப்பு. கணவர் தினமும் ராத்திரி இரண்டரைக்கு எழுந்து மார்க்கெட்டுக்குக் கிளம்புவார். போன மாதம் ஒருநாள் அப்படி எழுந்தபோது, மகன் போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு கேம் விளையாடியதைப் பார்த்துவிட்டார். கோபத்தில் பிடுங்கிச் சுவரில் எறிந்தார். ஸ்கிரீன் நொறுங்கிவிட்டது. பையன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. இன்றுவரை அப்பாவிடம் பேசுவதில்லை. வீட்டுப்பாடம் எல்லாம் வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் வருவதால் என் போனைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. கொடுத்தால் லேசில் திரும்பி வருவதில்லை. என் ஜிபேயிலிருந்து 80 ரூபாய், 160 ரூபாய் என்று கேமுக்கு எடுத்திருக்கிறான். காலாண்டுத் தேர்வில் கணக்கில் 41 மார்க். ஒன்பதாம் வகுப்பில் 80-க்குக் குறைந்ததே இல்லை. சாயங்காலம் கிரிக்கெட்டுக்குப் போவான், அதுவும் நின்றுவிட்டது. இப்போது மகளும் ரீல்ஸ் பார்க்க ஆரம்பித்திருக்கிறாள். ஹாஸ்டலில் போடு என்கிறார் என் அண்ணன். இதற்கும் மறுவாழ்வு மையம் இருக்கிறதாமே என்கிறார் பக்கத்து வீட்டு அம்மா. என் பையன் போனுக்கு அடிமையாகிவிட்டானா? ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் போன் கொடுக்கலாம்?

ஒரு வாசகி, மதுரை

பதில்:

சகோதரி,

இரண்டு கேள்வி கேட்டிருக்கிறீர்கள், இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் கடிதத்தைப் படிக்கும்போது என் கண் நின்ற இடம் வேறு. ராத்திரி இரண்டரை மணி.

உங்கள் வீட்டுக்காரர் தூங்கி எழும் நேரத்தில் பையன் இன்னும் தூங்கவே போகவில்லை. அன்றைக்கு மாட்டிக்கொண்டான், அவ்வளவுதான். அது முதல் நாளாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. காலை ஆறரைக்கு எழுப்புவீர்கள் என்று வைத்துக்கொண்டால் 4 மணி நேரத் தூக்கம். அவன் வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் வேண்டும். பாதிதான் தேறுகிறது. தூக்கம் குறைந்தால் முதலில் அடிபடுவது கவனமும் பொறுமையும்தான். கணக்கில் ஒரு ஸ்டெப்பை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போவான். ஒன்றுமில்லாத விஷயத்துக்குச் சுள்ளென்று விழுவான். சாயங்காலம் பேட்டைத் தூக்கிக்கொண்டு போகத் தெம்பில்லாமல் சுருண்டு கிடப்பான். நீங்கள் போனின் கணக்கில் எழுதியிருக்கும் பாதியை நான் தூக்கத்தின் கணக்கில் எழுதுவேன்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். இந்த வயதில் உடம்பின் கடிகாரமே ஒன்றிரண்டு மணி நேரம் பின்னால் ஓடும். தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் என்ற ஹார்மோன் பெரியவர்களைவிடத் தாமதமாகத்தான் சுரக்கும். அப்பாவுக்கு எட்டரைக்கே கண்ணைச் சுழற்றும், மகனுக்குப் பத்தரை ஆனாலும் கொட்டக் கொட்ட விழிப்பு. அவன் திமிரில் விழித்திருக்கிறான் என்று நினைக்காதீர்கள். வீடு முழுக்கத் தூங்கிவிட்டது, இவனுக்குத் தூக்கம் வரவில்லை, தலையணைக்குக் கீழே ஒரு போன். 15 வயதில் இதே நிலையில் நீங்களோ நானோ இருந்திருந்தால் என்ன செய்திருப்போம்?

என்னிடம் வரும் பெற்றோர்களிடம் நான் முதலில் கேட்பது, 'பிள்ளை எத்தனை மணி நேரம் போன் பார்க்கிறான்' என்பதை அல்ல. 'சார்ஜர் எந்த ரூமில் இருக்கிறது' என்றுதான் கேட்பேன். முக்கால்வாசிப் பேர் விழிப்பார்கள். பிறகு, 'அவன் ரூம்லதான் சார்' என்பார்கள். 'உங்க சார்ஜர்?' என்றால் சிரிப்பு வரும். கட்டில் பக்கத்திலேயேதான்.

அதனால் உங்கள் வீட்டில் முதல் மாதம் ஒரே ஒரு விதி போடுங்கள். ராத்திரி பத்து மணிக்கு வீட்டில் உள்ள எல்லா போனும் ஹாலில், டிவி ஸ்டாண்டிலோ சாமி அலமாரிக்குக் கீழேயோ, ஒரே இடத்தில் சார்ஜில் கிடக்க வேண்டும். உங்கள் போன், மகள் கையில் எடுக்கும் போன், வீட்டுக்காரர் போன், எல்லாம்தான். காலையில் பல் தேய்த்து காபி குடித்த பிறகு எடுக்கலாம். வேறு எதையும் இப்போதைக்குத் தொடாதீர்கள். கேமை நிறுத்து, ரீல்ஸை நிறுத்து, வாட்ஸ்அப்பைக் காட்டு என்று ஒரே நாளில் பத்துச் சட்டம் போட்டால் பத்தும் ஒரு வாரத்தில் காலாவதியாகிவிடும். பத்தரைக்குப் படுத்து ஆறரைக்கு எழுந்தால் 8 மணி நேரம் ஆகிறது. அவனுக்கு அது கிடைக்க ஆரம்பித்தால் மற்ற பேச்சை வைத்துக்கொள்ள அவன் மூளையும் ஒத்துழைக்கும்.

இதில் முதல் தடங்கல் உங்கள் வீட்டுக்காரரிடமிருந்துதான் வரும், அதுவும் நியாயமான தடங்கல். இரண்டரைக்கு அலாரம் போனில்தான் அடிக்கும். பூ வரத்து பற்றி, விலை பற்றி ராத்திரியிலும் யாராவது கூப்பிடுவார்கள். முகூர்த்த நாள் வந்தால் மல்லிக்காகக் கேரளாவிலிருந்துகூட போன் வரும். 'தொழில் பண்றவன் போனை ஹால்ல வச்சுட்டு எப்படித் தூங்குறது' என்பார். வியாபார நம்பரை ஒரு பழைய பட்டன் போனில் போட்டு அவர் தலைமாட்டில் வைத்துக்கொள்ளட்டும். அதில் ரீல்ஸ் ஓடாது. ஸ்மார்ட்போன் ஹாலுக்கு வரட்டும். அலாரத்துக்கு ஒரு மேஜைக் கடிகாரம் வாங்கினால் போதும். அப்பாவின் போனும் அங்கே வந்து படுத்தால்தான் மகனுக்கு இது தண்டனையாகத் தெரியாது, வீட்டு வழக்கமாகத் தெரியும்.

பீரோவில் வைத்துப் பூட்டும் யோசனை வேண்டாம். திருமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அம்மா தினமும் போனைப் பீரோவில் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு படுப்பார். பையன் நண்பனிடமிருந்து ஒரு பழைய போனைச் சல்லிசாக வாங்கி, பக்கத்து வீட்டு வைஃபை பாஸ்வேர்டையும் சம்பாதித்துவிட்டான். நாலு மாதம் யாருக்கும் தெரியாது. பூட்டுப் போடுவதில் நம் பிள்ளைகளை ஜெயிக்க முடியாது. உங்கள் பின் நம்பர் அவனுக்குத் தெரியும், அவனுடையது உங்களுக்குத் தெரியாது. இதுதான் எல்லா வீட்டிலும் நிலவரம்.

சரி, இந்த விதியைச் சொல்ல அப்பாவும் மகனும் பேசிக்கொண்டிருக்க வேண்டுமே. அவர்கள்தான் பேசுவதில்லையே.

போனை உடைத்ததற்கு அப்பா மன்னிப்புக் கேட்க வேண்டும். இதைச் சொன்னதும் பல அப்பாக்கள் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார்கள். 'நான் போய் அவன்கிட்டயா?' ஆமாம், அவனிடம்தான். போனைப் பிடுங்கியது சரியா தப்பா என்பது வேறு. சுவரில் எறிந்தது தப்பு. அதை ஒத்துக்கொள்ளாதவரை அந்த வீட்டில் பேச்செல்லாம் உடைந்த போனைப் பற்றியே சுற்றும், ராத்திரி விழிப்பைப் பற்றிய பேச்சு வரவே வராது. பையனுக்கும் அது வசதி, தன் தப்பை யாரும் கேட்க மாட்டார்கள்.

எங்கே பேசுவது என்பது முக்கியம். சோற்றுத் தட்டுக்கு முன்னால் வேண்டாம். மார்க் ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வேண்டவே வேண்டாம். ஆயுத பூஜை வியாபாரம் ஓய்ந்து, தீபாவளி நெருக்கடி தொடங்குவதற்குள் ஒரு சாயங்காலம் கிடைக்கும். பையனை வண்டியில் பின்னால் ஏற்றிக்கொண்டு தெப்பக்குளம் வரை போய்வரச் சொல்லுங்கள். வழியில் ஒரு ஜிகர்தண்டா. என் அனுபவத்தில், இந்த வயதுப் பையன்கள் முகத்துக்கு நேரே உட்கார்ந்தால் வாயைத் திறக்க மாட்டார்கள். முகம் பார்க்க வேண்டாத இடத்தில், அதாவது வண்டியின் பின் சீட்டில், தானாகப் பேசுவார்கள். அப்பா இவ்வளவு சொன்னால் போதும்.

'போனை உடைச்சது தப்புப்பா. கோவத்துல பண்ணிட்டேன். ஸ்கிரீனை நானே மாத்தித் தர்றேன். ஆனா ராத்திரி ரெண்டரைக்கு நீ முழிச்சிருந்ததைப் பாத்ததும் எனக்குப் பயமாயிருச்சு. அதுக்கு என்ன பண்ணலாம்னு சேந்து யோசிப்போம்.'

பதிலுக்கு அவன் 'ம்' என்றுதான் சொல்வான். அது போதும். அன்றைக்கே சட்டம் பேச வேண்டாம்.

இப்போது உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். அடிமையாகிவிட்டானா?

'கேமிங் டிஸார்டர்' என்று ஒரு நோய் இருக்கிறது, பொய்யில்லை. உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலின் 11-ஆம் பதிப்பில் அதைச் சேர்த்திருக்கிறது. 2019-இல் ஏற்கப்பட்டு 2022-இல் நடைமுறைக்கு வந்த பட்டியல் அது. ஆனால் நிபந்தனைகள் கடுமையானவை. விளையாட்டைத் தொடங்குவதும் நிறுத்துவதும் அவன் கையில் இல்லாமல் போயிருக்க வேண்டும். சாப்பாடு, படிப்பு, நண்பர்கள் எல்லாவற்றையும்விட அது முன்னால் வந்துவிட்டிருக்க வேண்டும். கெடுதல் கண்ணுக்குத் தெரிந்தும் தொடர வேண்டும். இதெல்லாம் பொதுவாக 12 மாதமாவது நீடித்து, வாழ்க்கையே தடம் புரண்டிருந்தால்தான் அந்தப் பெயரை வைப்போம். உங்கள் மகன் பள்ளிக்கூடம் போகிறான், வீட்டுப்பாடம் கேட்கிறான், கோபம் வந்தால் இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்துவிட்டு மூன்றாம் நாள் சாப்பிடுகிறான். நேரில் பார்க்காமல் முடிவு சொல்லக் கூடாதுதான். ஆனாலும் கடிதத்தில் இருக்கிறதை வைத்துப் பார்த்தால் அந்தப் பெயர் இவனுக்குப் பொருந்தவில்லை. எனவே வீட்டில் 'அடிமை' என்ற வார்த்தையை விட்டுவிடுங்கள். சொந்தக்காரர்கள் முன்னால் சொல்லவே சொல்லாதீர்கள். 'நான்தான் அடிமையாச்சே, என்னால எப்படி நிறுத்த முடியும்' என்று அதே வார்த்தையைக் கேடயமாகப் பிடித்துக்கொண்ட பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

பக்கத்து வீட்டு அம்மா சொல்லும் மறுவாழ்வு மையப் பேச்சுக்கு இங்கே இடமே இல்லை. ஹாஸ்டல் யோசனையும் எனக்குப் பிடிக்கவில்லை. பத்தாம் வகுப்பு நடுவில் பள்ளிக்கூடம் மாற்றினால் அதுவே ஒரு அடி. தவிர, லீவுக்கு வரும்போது போன் அவனுக்காக அங்கேயே காத்திருக்கும்.

எத்தனை மணி நேரம் கொடுக்கலாம் என்ற கேள்விக்கு நான் எண் சொல்லப் போவதில்லை. தட்டிக்கழிக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். 5 வயதுக்குள் உள்ள குழந்தைகளுக்கு உலக சுகாதார நிறுவனம் எண் சொல்லியிருக்கிறது: 2 முதல் 4 வயதுவரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் நல்லது. பெரிய பிள்ளைகளுக்கு அப்படி ஒரு எண்ணை அது தரவில்லை. அவர்களுக்கு அது தந்திருக்கும் எண் வேறு: உடம்பு வியர்க்க ஓடியாடுவது தினமும் சராசரி 60 நிமிடம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் ரொம்ப காலம் 2 மணி நேரம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. 2016-இல் பெரிய பிள்ளைகளுக்கு அந்தக் கணக்கைக் கைவிட்டு, தூக்கமும் விளையாட்டும் கெடாதபடி அந்தந்த வீடு ஒரு திட்டம் போட்டுக்கொள்ளட்டும் என்றது. காரணம் எளிது. யூடியூபில் அல்ஜீப்ரா பார்ப்பதும் போன்தான், அத்தையோடு வீடியோ காலில் பேசுவதும் போன்தான், ரீல்ஸும் போன்தான். மூன்றையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது.

அதனால் எண்ணும் முறையைத் திருப்பிப் போடுங்கள். முதலில் தூக்கத்துக்கு 8 மணி நேரம் எடுத்து வையுங்கள். பள்ளிக்கூடம், படிப்பு, உடம்பு வியர்க்க ஒரு மணி நேரம், எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரு வேளைச் சாப்பாடு. இவை போக மிஞ்சுவது அவனுடையது. அதில் கேம் விளையாடினால் மூக்கை நுழைக்காதீர்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் பள்ளி நாட்களில் அது முக்கால் மணி, ஒரு மணிக்கு மேல் மிஞ்சாது, பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் தாராளமாக இருக்கும், இருக்கட்டும்.

இங்கே ஒரு விஷயத்தை மனசு விட்டுச் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பத்தாம் வகுப்பு என்றதும் நாம் என்ன செய்கிறோம்? 'இந்த ஒரு வருஷம்' என்று சொல்லி கிரிக்கெட்டை எடுத்துவிடுகிறோம். டிராயிங் கிளாஸ், சிலம்பம் எல்லாம் போய்விடும். ஊரில் தாத்தா வீட்டுத் திருவிழாவுக்கு அம்மாவும் அப்பாவும் மட்டும் போவார்கள். காலையில் ஸ்பெஷல் கிளாஸ், சாயங்காலம் டியூஷன், வீடு வர எட்டரை. இத்தனையையும் பிடுங்கிக்கொண்ட பிறகு, படுத்துக்கொண்டே செய்யக்கூடிய, யாரும் கூட்டிப்போகத் தேவையில்லாத, நண்பர்கள் இருக்கிற ஒரே இடம் எது? போன். அப்புறம் அவன் அதையே பிடித்துக்கொண்டு தொங்குகிறான் என்று என்னிடம் அழைத்துவருகிறார்கள்.

உங்கள் மகனின் கிரிக்கெட் ஏன் நின்றது என்று கடிதத்தில் இல்லை. அவனிடம் கேட்டீர்களா? டியூஷன் நேரம் மாறியிருக்கலாம். கூட்டாளிகள் கேமுக்குப் போயிருக்கலாம். டீமில் யாரோ மட்டம் தட்டியிருக்கலாம். வாரத்தில் மூன்று நாளாவது அதைத் திரும்பக் கொண்டுவர வழி பாருங்கள். டியூஷனில் ஒரு நாளைக் குறைத்தாலும் பரவாயில்லை என்பது என் கருத்து. உங்கள் பக்கத்திலேயே ரேஸ்கோர்ஸ் மைதானம் இருக்கிறது. காலையில் அரை மணி நேரம் வெயிலில் ஓடினால் உடம்புக் கடிகாரமும் முன்னால் நகரும், ராத்திரி தூக்கம் சீக்கிரம் வரும். கண்ணுக்கும் நல்லது. வெளி வெளிச்சத்தில் விளையாடும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பு குறைவு. தலைவலி என்கிறானா, போர்டைப் பார்க்கக் கண்ணைச் சுருக்குகிறானா என்று கவனியுங்கள். அப்படி இருந்தால் அண்ணா நகர் அரவிந்த் போய் ஒருமுறை கண்ணைக் காட்டிவிடுங்கள்.

மகளைப் பற்றி ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அவளைப் பற்றித்தான் கொஞ்சம் கூடுதல் கவலை. கேமுக்கு ஒரு முடிவு உண்டு. ஒரு மேட்ச் பத்து நிமிடமோ அரை மணியோ, முடிந்தால் 'முடிந்தது' என்று திரையே சொல்லும். ரீல்ஸுக்கு முடிவே கிடையாது. விரலைத் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும். இந்த முடிவில்லாத ஸ்க்ரோலை 2006-இல் வடிவமைத்த ஆசா ரஸ்கின் என்ற அமெரிக்கர், அதற்காகப் பின்னாளில் வெளிப்படையாகவே வருத்தம் தெரிவித்தார். சித்திரைப் பொருட்காட்சியில் வளையம் எறியும் கடை இருக்குமே, நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு வளையமும் சோப்பு டப்பாவில் விழுந்தால் இரண்டாம் நாள் யாரும் வர மாட்டார்கள். ஒன்றுமே விழாவிட்டாலும் வர மாட்டார்கள். எப்போதாவது விழுகிறது பாருங்கள், அதனால்தான் நகர மாட்டேன் என்று குழந்தை அடம்பிடிக்கிறது. ரீல்ஸிலும் பத்தில் ஒன்றுதான் சிரிக்க வைக்கும். அடுத்தது அந்த ஒன்றாக இருக்குமோ என்றுதான் விரல் தள்ளுகிறது. பொருட்காட்சியில் கையைப் பிடித்து இழுத்துவர நாம் இருந்தோம்.

பெண் பிள்ளை எட்டாம் வகுப்புக்கு வந்ததும் தெருவில் விளையாடுவது நின்றுபோகிற வீடுகள் நம் பக்கம் நிறைய. உங்கள் வீட்டில் எப்படியோ தெரியாது. தெரு மூடிவிட்டால் அவளுக்குப் போன்தான் தெரு. தோழி வீட்டுக்குப் போகட்டும், தோழிகள் வரட்டும். நத்தம் ரோட்டில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023-இல் திறந்தார்கள், புதூரிலிருந்து பக்கம்தான். குழந்தைகளுக்கென்றே பெரிய பகுதி இருக்கிறது. சனிக்கிழமை தோழிகளோடு அங்கே விட்டுவிட்டு வாருங்கள். ரீல்ஸுக்கு மட்டும் ஆரம்பத்திலேயே வெளியிலிருந்து ஒரு முடிவு வேண்டும். சமையலறையில் குக்கருக்கு டைமர் வைப்பீர்கள் இல்லையா, அதே மாதிரி இருபது நிமிடம், அவள் கையாலேயே வைக்கட்டும்.

மகனின் கேமுக்கு வருகிறேன். ஒருநாள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து அது என்னதான் என்று பாருங்கள். அறிவுரை வேண்டாம், சும்மா பாருங்கள். நாலு பேர் ஒரு டீம், காதில் ஹெட்போன், 'மச்சான் பின்னாடி பாரு' என்று பேச்சு. நடுவில் ஒருவன் எழுந்து போனால் மற்ற மூன்று பேரும் தோற்பார்கள், மறுநாள் பள்ளிக்கூடத்தில் அதற்கு வசவு விழும். நீங்கள் சமையலறையிலிருந்து 'இப்பவே வை' என்று கத்தும்போது அவனுக்கு எதிரே இரண்டு மரியாதை நிற்கிறது, அம்மாவுடையதும் கூட்டாளிகளுடையதும். 'இந்த மேட்ச் முடிஞ்சதும் வந்துரு' என்று சொல்லிப் பாருங்கள். அடுத்த மேட்ச் தொடங்கினால் அது மீறல், அப்போது கண்டிப்பாக இருக்கலாம். பாதிச் சண்டை இதிலேயே தீரும்.

ஜிபே விஷயத்தைப் போன் விஷயத்தோடு கலக்காதீர்கள். கேட்காமல் பணம் எடுத்தது தனித் தப்பு. உங்கள் யுபிஐ பின்னை இன்றைக்கே மாற்றுங்கள், பிள்ளைகள் எதிரில் அழுத்தாதீர்கள். 240 ரூபாயை அவன் கைச் செலவுப் பணத்திலிருந்து திருப்பித் தரட்டும். அத்தோடு அந்தக் கணக்கு முடிந்தது, மறுபடி குத்திக்காட்ட வேண்டாம். பணம் எதற்குப் போனது என்பதை மட்டும் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். கேமில் வரும் ஆளுக்குச் சட்டை, துப்பாக்கிக்கு 'ஸ்கின்' என்ற அலங்காரம் வாங்குவது ஒன்று. பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் ரம்மி வகையறா வேறு. அதைத் தமிழ்நாடு அரசு 2022 சட்டத்தின் கீழ் கட்டுப்படுத்தி வந்தது. 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கே தடை போட்டு நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. பையன் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்திருந்தால், யாராவது லிங்க் அனுப்பிப் பணம் பறித்திருந்தால், தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். அவனை அடிக்கப் போனால் அடுத்த முறை உங்களிடம் சொல்ல மாட்டான்.

வாட்ஸ்அப் வீட்டுப்பாடம் எல்லா வீட்டிலும் இருக்கும் தலைவலிதான். ராத்திரி ஏழு மணிக்கு ஹாலில் உட்கார்ந்து குரூப்பைத் திறந்து, வேண்டியதை நோட்டில் எழுதிக்கொண்டு, போனை உங்களிடம் தந்துவிட வேண்டும். பதினைந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிப்பது மட்டும் கூடாது. ஒலிக்காமல் கிடந்தாலும் பாதி மனசு அதில்தான் இருக்கும். பெற்றோர் கூட்டத்தில் நாலு பேராகச் சேர்ந்து, வீட்டுப்பாடத்தை வகுப்பிலேயே டைரியில் எழுதவைக்கச் சொல்லிக் கேளுங்கள். தனியாகக் கேட்டால் எடுபடாது.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று பாக்கி. உங்கள் போன் செட்டிங்ஸில் 'டிஜிட்டல் வெல்பீயிங்' என்று இருக்கும். எந்த ஆப்பை எவ்வளவு நேரம் பார்த்தீர்கள் என்று காட்டும். பிள்ளைகளுடையதைப் பார்ப்பதற்கு முன் உங்களுடையதை அவர்களோடு உட்கார்ந்து திறந்து பாருங்கள். ஒரு அம்மா என் எதிரிலேயே திறந்தார், யூடியூப் மட்டும் மூன்றேகால் மணி. 'சமைக்கும்போது ஓடிக்கிட்டிருக்கும் சார், நான் எங்க பாக்குறேன்' என்றார். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்த வீட்டில் பேச்சு அன்றைக்குத்தான் தொடங்கியது.

முதல் பத்து நாள் கஷ்டமாக இருக்கும். மூன்றாவது நாளே 'எனக்குத் தூக்கமே வரல, போனைக் குடு' என்று வந்து நிற்பான். கதைப் புத்தகமோ ரேடியோவோ கொடுங்கள், போனைக் கொடுக்காதீர்கள். விதியை மீறினால் மறுநாள் ஒருநாள் கேம் கிடையாது, அவ்வளவுதான். 'ஒரு மாசம் போனே கிடையாது' என்று வீராப்பாகச் சொல்லிவிட்டு நாலாம் நாள் நீங்களே கொடுப்பீர்கள், அது உங்கள் வார்த்தையின் விலையைக் குறைக்கும். அரையாண்டுத் தேர்வு வரை மார்க்கைக் கேட்காதீர்கள். காலையில் எழுப்பும்போது எத்தனை தடவை கூப்பிட வேண்டியிருக்கிறது என்று மட்டும் எண்ணுங்கள். ஆறு தடவை இரண்டாகக் குறைந்தால் சரியான பாதையில் போகிறீர்கள்.

இவ்வளவு செய்தும், ஒன்றிரண்டு மாதம் கழித்தும் அவன் பள்ளிக்கூடம் போக மறுத்தாலோ, குளிக்காமல் சாப்பிடாமல் அறையிலேயே அடைந்து கிடந்தாலோ, போனை வாங்கினால் கை ஓங்கினாலோ நேரில் அழைத்து வாருங்கள். சில பிள்ளைகளுக்குப் போன் ஒளிந்துகொள்ளும் இடமாக இருக்கும். பள்ளியில் யாரோ மிரட்டுவது, மனச்சோர்வு, வெளியில் சொல்ல முடியாத ஏதோ ஒன்று பின்னால் இருக்கும். செத்துப்போறேன் என்ற பேச்சு வந்தால் மட்டும் ஒருநாள்கூடக் காத்திருக்கக் கூடாது, மிரட்டல் என்று ஒதுக்கவும் கூடாது. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.

உடைந்த ஸ்கிரீனை மாற்ற அப்பாவும் மகனும் சேர்ந்தே கடைக்குப் போகட்டும். அப்படியே அலாரக் கடிகாரத்தையும் வாங்கிவிடச் சொல்லுங்கள். வாங்கும்போது இரண்டாக வாங்கச் சொல்லுங்கள், ஒன்று அப்பாவுக்கு, ஒன்று மகனுக்கு. 'எனக்குக் காலைல அலாரம் வைக்கணும், அதுக்குத்தான் போன் வேணும்' என்று முதல் நாள் ராத்திரி பத்து மணிக்கு அவன் சொல்லத்தான் போகிறான்.